விலாசம் இல்லாதவனுக்கு எதுக்குய்யா டெலிபோன்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால தள்ளிக்கிட்டே போச்சு. கொஞ்சம் நீளம்தான். காபியோ டீயோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

மேட்டர் இதுதான். அமெரிக்காவில் மோட்டார்ஹோமில் ஊர் ஊரா சுத்துறவங்களுக்குப் போனும் இண்டர்நெட்டும் எப்படிக் கிடைச்சுது? "இதுல என்னய்யா வரலாறு, அதான் செல்போன் இருக்கே"ன்னு கேட்பீங்க. நானும் டெலிகாம் பக்கம் பொட்டி தட்டுறவன்தான், நானும் அப்படித்தான் நினைச்சேன். தோண்டிப் பார்த்தா உள்ளே பெரிய கதையே ஓடுது.

முதல்ல மோட்டார்ஹோம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. வேன் சைஸ்ல இருந்து பஸ் சைஸ் வரைக்கும் வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம். நத்தை மாதிரி வீட்டை முதுகில் சுமந்துக்கிட்டுப் போகலாம். லீவுக்கு மட்டும் போறவங்க ஒரு பக்கம். ரிட்டயர் ஆனதும் வீட்டை வித்துட்டு வருஷம் முழுக்க அதிலேயே வாழறவங்க இன்னொரு பக்கம். இவங்களுக்கு ஃபுல் டைமர்னு பேர். ராத்திரி தங்குறதுக்குக் கேம்ப்கிரவுண்ட். வண்டியை நிறுத்துற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. வசதியான கேம்ப்கிரவுண்டா இருந்தா ஒரு கம்பத்தில் கரண்ட், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கீழே சாக்கடைக் குழாய். சொருகினா வீடு ரெடி.

கரண்ட் வந்துச்சு, தண்ணி வந்துச்சு, சாக்கடை கூட வந்துச்சு. டெலிபோன் மட்டும் பல வருஷம் ஏன் அந்தக் கம்பத்துக்கு வரலை?

கம்பி இழுக்கிறது கஷ்டம் என்பதில்லை காரணம். கரண்டுக்கு நீங்க யாருன்னு தெரிய வேண்டியதில்லை. சொருகினவனுக்கு எரியும். டெலிபோன் அப்படி இல்லை. ஒரு லைன்னா அதுக்கு ஒரு நம்பர், ஒரு பேர், மாசாமாசம் பில் அனுப்ப ஒரு விலாசம். மனுஷன் ஒரே இடத்தில் குடியிருப்பான்னு நம்பித்தான் மொத்த நெட்வொர்க்கையும் கட்டினாங்க. மோட்டார்ஹோம்காரன் அந்த நம்பிக்கையை உடைச்சவன். அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒவ்வொரு டெக்னாலஜியும் அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உன் விலாசம் என்ன?"

காசு போட்டுப் பேசின காலம்

கே.ஓ.ஏ என்ற கேம்ப்கிரவுண்ட் கம்பெனி 1962-ல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரில் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் பல வருஷத்துக்குக் கேம்ப்கிரவுண்டில் தொலைத்தொடர்புன்னா ஆபீஸ் வாசலில் ஒரு பேஃபோன். அவ்வளவுதான். சாயங்காலம் சமையல் முடிஞ்சதும் சில்லறையை எடுத்துக்கிட்டு வரிசையில் நிக்கணும். பின்னாடி காலிங் கார்டு வந்தது, சில்லறை மிச்சம். வரிசை மிச்சமாகலை.

நீங்க கூப்பிடுறதுக்கு இது போதும். உங்களை யாராவது கூப்பிடணும்னா? ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு வைங்க. பிள்ளை எந்த மாநிலத்தில், எந்தக் காட்டில் வண்டியை நிறுத்தியிருக்கான்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா கேம்ப்கிரவுண்ட் ஆபீஸுக்குப் போன் பண்ணலாம். அவங்க ஒரு சீட்டில் எழுதி நோட்டீஸ் போர்டில் குத்தி வைப்பாங்க. அவசரம்னா வண்டிக் கதவைத் தட்டிச் சொல்லுவாங்க. தெரியலைன்னா அவனே அடுத்த பேஃபோன் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சாவுச் செய்தியா இருந்தாலும் அதேதான்.

இந்த ஓட்டையை அடைக்க ஃபுல் டைமர்களே கூட்டு சேர்ந்தாங்க. 1978-ல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி எஸ்கேப்பீஸ் என்ற கிளப்பைத் தொடங்கினாங்க. பிற்பாடு டெக்சாஸ் மாநிலம் லிவிங்ஸ்டன் ஊரில் அவங்களுக்குப் பெரிய தபால் நிலையமே உருவாச்சு. உறுப்பினருக்கு வர்ற கடிதமெல்லாம் அங்கே வந்து சேரும், இவர் எந்த ஊரில் இருக்கேன்னு சொல்றாரோ அங்கே திருப்பி அனுப்புவாங்க. விலாசம் இல்லாதவங்க எல்லாரும் சேர்ந்து ஒரு விலாசத்தை உண்டாக்கிக்கிட்டாங்க!

வண்டியில் போன் வந்த கதை

வண்டிக்குள் போன் என்பது புதுசு இல்லை. 1946 ஜூன் 17 அன்னிக்கே செயின்ட் லூயிஸ் நகரத்தில் பெல் கம்பெனி கார் போன் சேவையைத் தொடங்கிடுச்சு. கருவியோட எடை சுமார் 36 கிலோ. ஆபரேட்டர்கிட்ட சொல்லித்தான் நம்பர் வாங்கணும். ஆரம்பத்தில் ஒரு நகரத்தில் ஒரே நேரத்தில் மூணு பேர்தான் பேச முடியும். இதில் எங்கே நம்ம ரிட்டயர்டு தாத்தா பேசுறது!

நிஜமான திருப்பம் 1983 அக்டோபர் 13, சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வணிகரீதியான செல்போன் சேவை. அதில் வந்த 'பேக் போன்' மோட்டார்ஹோம்காரங்களுக்கு வரப்பிரசாதம். தோள்பையில் தூக்குற சைஸ். கையடக்க போன் 0.6 வாட் சக்தியில் கத்தும், இது 3 வாட்டில் கத்தும். அஞ்சு மடங்கு. தூரத்து டவருக்கும் கேட்கும்.

ஆனா விலாசம் விட்டுதா? இல்லை. ஆரம்பகால செல்போனுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. அதைத் தாண்டினா ரோமிங். சிகாகோ நம்பர் வச்சிருக்கிறவர் டென்வருக்குப் போயிட்டார்னு வைங்க. அவரைக் கூப்பிடுறவர் முதல்ல டென்வரில் இருக்கிற ரோமிங் நம்பருக்கு டயல் பண்ணி, டோன் வந்ததும் இவரோட நம்பரை அடிக்கணும். அதாவது நீங்க எந்த ஊரில் இருக்கீங்கன்னு கூப்பிடுறவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்! நோட்டீஸ் போர்டு கதைதான், கொஞ்சம் காஸ்ட்லியா. போன் எங்கே இருக்குன்னு நெட்வொர்க்குகளே தங்களுக்குள்ள பேசித் தேடிப் பிடிக்கிற ஏற்பாடெல்லாம் பிறகு படிப்படியா வந்தது. நான் தினமும் ஆபீஸில் கட்டிக்கிட்டு அழற சமாச்சாரத்துக்கு இதுதான் பூர்வீகம்.

பணக் கணக்கை உடைச்சது 1998 மே மாதம் ஏ.டி அண்ட் டி கொண்டுவந்த 'டிஜிட்டல் ஒன் ரேட்' திட்டம். மாசம் 89.99 டாலர், 600 நிமிஷம், நாடு முழுக்க ரோமிங் கட்டணமும் இல்லை, எஸ்.டி.டி கட்டணமும் இல்லை. இன்னிக்குச் சாதாரணமாத் தெரியும். ஆனா "எந்த ஊர்ல இருந்தா எனக்கென்ன"ன்னு ஒரு போன் கம்பெனி சொன்னது அப்பதான்.

ரிசீவரில் ரப்பர் கிண்ணம்

பேச்சு போகட்டும், டேட்டா? இங்கே ஒரு ஆளைச் சொல்லியே ஆகணும். ஸ்டீவன் ராபர்ட்ஸ். 1983-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருந்து சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் கிளம்பினவர். மோட்டார்ஹோம் இல்லைதான். ஆனா சுத்திக்கிட்டே இணையத்தில் வேலை பார்க்கிற இன்றைய கூட்டத்துக்கெல்லாம் இவர்தான் மூத்த அண்ணாச்சி. கையில் டி.ஆர்.எஸ்-80 மாடல் 100. நாலு பென்சில் பேட்டரியில் ஓடுற குட்டிக் கம்ப்யூட்டர், உள்ளேயே ஒரு மோடம். எழுதினதை கம்ப்யூசர்வ் சேவை வழியா அனுப்பிட்டு, அடுத்த ஊருக்கு மிதிப்பார்.

பேஃபோனில் மோடத்தைச் சொருக ஓட்டை ஏது? அதுக்குத்தான் அக்கவுஸ்டிக் கப்ளர். ரெண்டு ரப்பர் கிண்ணம். ரிசீவரோட காதையும் வாயையும் அதில் அமுக்கினா, மோடம் கீச்சுக் கீச்சுன்னு சத்தமாவே டேட்டாவை அனுப்பும். இந்தக் கருவி பரவினதே ஒரு தடையால்தான். பெல் கம்பெனி லைனில் அடுத்தவன் கருவியை இணைக்கக் கூடாதுன்னு விதி இருந்தது. 1968-ல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் எஃப்.சி.சி என்ற மத்திய ஆணையம் அதை உடைச்சது. வீடுகளில் கப்ளர் மெல்ல மறைஞ்சது, பேஃபோனில் மட்டும் உயிரோட இருந்தது. வேகம்? நொடிக்கு 300 பிட், சுமார் 30 எழுத்து. இந்தப் பதிவை அனுப்ப எத்தனை நிமிஷம் ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க :-)

1990களின் கடைசியில் அதே கிண்ணம் 'பாக்கெட்மெயில்' என்ற பேரில் திரும்பி வந்தது. உள்ளங்கை சைஸ் கருவி. இலவச நம்பருக்கு டயல் பண்ணி, ரிசீவரை அதன் முதுகில் அமுக்கினா மெயில் வரும், போகும். மோட்டார்ஹோம் தாத்தா பாட்டிகளுக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம். லேப்டாப் வச்சிருந்தவங்களுக்கு 'மோடம் ஃப்ரெண்ட்லி' கேம்ப்கிரவுண்ட். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆபீஸ் மூலையிலோ, துணி துவைக்கிற ரூமிலோ ஒரே ஒரு போன் சாக்கெட். ஒருத்தர் மெயில் இறக்கி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வரிசையில். பேஃபோன் வரிசை புது இடத்துக்குக் குடிபோச்சு.

வைஃபை இருக்கு, நெட் இல்லை

2000களின் முதல் பாதியில் கேம்ப்கிரவுண்டுகளில் வைஃபை வர ஆரம்பிச்சது. இதைப் பத்தி எனக்கு நேரடி அனுபவமே உண்டு. போன வருஷம் நாங்க நாலு பேர் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து அரிசோனா, யூட்டான்னு சுத்தினோம். ஒரு கேம்ப்கிரவுண்டில் 'இலவச வைஃபை'ன்னு கொட்டை எழுத்தில் போர்டு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மெயில் நகரலை. சிக்னல் என்னமோ ஃபுல்லா காட்டுது!

விஷயம் சிம்பிள். போனில் தெரியுற கோடுகள் உங்களுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் உள்ள உறவைத்தான் சொல்லும். கம்பத்துக்குப் பின்னாடி வெளியே போற லைன் ஒண்ணே ஒண்ணு. நூறு வண்டியும் ராத்திரி எட்டு மணிக்குப் படம் பார்த்தா என்ன ஆகும்? மரத்து இலையில் இருக்கிற ஈரம் அலையைக் குடிக்கும், வண்டியோட அலுமினியச் சுவர் மிச்சத்தைத் தடுக்கும். போதாக்குறைக்கு இது.

வானத்தைப் பார்த்தவங்க

தரையில் விலாசம் கேட்கிறான், வானத்துக்குப் போவோம்னு சிலர் கிளம்பினாங்க. ஹியூஸ் கம்பெனியின் டைரக்பிசி 1996-ல் வந்தது. டேட்டா வானத்தில் இருந்து இறங்கும், ஆனா நீங்க கேட்கிறது டெலிபோன் லைன் வழியாத்தான் போகணும். லைன் இல்லாதவனுக்கு எப்படி? 2000 நவம்பரில் ஸ்டார்பேண்ட் இரு வழியையும் வானத்திலேயே தந்தது. பிறகு மோட்டோசாட் கம்பெனியின் 'டேட்டாஸ்டார்ம்'. வண்டிக் கூரையில் படுத்திருக்கிற டிஷ், பட்டனை அமுக்கினா எழுந்து தானே சாட்டிலைட்டைத் தேடிப் பிடிக்கும். அந்த சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி போய் பதில் வர நாலு தடவை அந்தத் தூரம், கிட்டத்தட்ட அரை நொடி. மெயிலுக்கு ஓகே, பேச்சுக்குக் கொடுமை.

2020-ல் ஸ்டார்லிங்க் சோதனை ஓட்டம் தொடங்கினப்போ சாட்டிலைட் வெறும் 550 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்துடுச்சு. தாமதம் தீர்ந்தது. ஆனா பதிவு பண்ணும்போது என்ன கேட்டான் தெரியுமா? சர்வீஸ் விலாசம்! அந்த இடத்தை விட்டு நகர்த்தினா வேலை செய்யும்னு உத்தரவாதம் கிடையாது. வானத்தில் இருக்கிறவனும் அதையே கேட்டான். 2022 மே மாதம்தான் மோட்டார்ஹோமுக்குன்னே தனித் திட்டம் விட்டாங்க. இப்பவும் தலைக்கு மேல மரம் இருந்தா மக்கர்தான். நிழலா, நெட்டா, ஏதாவது ஒண்ணு.

விலாசத்தோட நல்ல பக்கம்

இவ்வளவு நேரம் விலாசத்தைத் திட்டினேன். அதனால் ஒரு பெரிய நன்மையும் இருந்தது. பேஃபோனில் 911 அடிச்சா, பேச முடியாமல் மயங்கி விழுந்தாலும், அந்தப் போன் எங்கே இருக்குன்னு எதிர்முனையில் திரையில் தெரியும். என்ஹான்ஸ்டு 911 வந்த ஊர்களில் இந்த வசதி இருந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 26 லட்சம் பேஃபோன் இருந்தது. 2016-ல் சுமார் 1 லட்சம். 2008 பிப்ரவரி 18-க்கு அப்புறம் பழைய அனலாக் சேவையை நடத்தணும்ங்கிற கட்டாயமும் போச்சு. 3 வாட் பேக் போன் வெறும் பையாச்சு.

செல்போன் இருக்கேன்னா, அது தன் இடத்தைத் தோராயமாத்தான் சொல்லும். 1996-லேயே எஃப்.சி.சி இதைச் சரி பண்ண உத்தரவு போட்டு, பல வருஷமா மெல்ல மெல்ல முன்னேறி வந்திருக்கு. டவரே எட்டாத பள்ளத்தாக்கில் ஸ்டார்லிங்க் வச்சு வைஃபை காலிங்கில் பேசுறீங்கன்னு வைங்க. அந்த வசதியை ஆன் பண்ணும்போது அவசர உதவிக்குன்னு ஒரு விலாசம் கேட்பாங்க. வேறு வழியில் இடம் தெரியலைன்னா 911-க்குப் போறது அந்த விலாசம்தான். நீங்க யூட்டா பாலைவனத்தில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க, ஆம்புலன்ஸ் டெக்சாஸ் தபால் பெட்டியைத் தேடக்கூடும்.

அதனால பழைய ஃபுல் டைமர்கள் ஒரு பழக்கம் வச்சிருக்காங்க. ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தினதும், கரண்டைச் சொருகுறதுக்கு முன்னாடி, கேம்ப்கிரவுண்ட் பேர், ரோடு பேர், சைட் நம்பர் மூணையும் ஒரு சீட்டில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிடுவாங்க. பதட்டத்தில் யார் போனை எடுத்தாலும் படிச்சுச் சொல்லலாம். பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம், மாசக் கட்டணமும் கிடையாது. வாடகை வண்டி எடுத்துச் சுத்தக் கிளம்புற மக்கள் எல்லாரும் இதைச் செய்யுங்க, செலவு ஒரு துண்டுக் காகிதம்.

டிஸ்கி: பேக் போனையோ, ரப்பர் கிண்ணத்தையோ நேரில் பார்த்த பெரியவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் கொசுவத்தி சுத்துங்க. படிக்கக் காத்திருக்கேன்.