ஆபத்தான நாய்கள்: பிரிட்டனில் உரிமையாளரின் சட்டப் பொறுப்பு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய் வளர்ப்பவரின் பொறுப்பை வரையறுக்கும் சட்டம் ஒன்றல்ல. 1871 முதல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவந்தவை பல. அவற்றில் அதிகம் பேசப்படுவது 1991-ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம். அந்த ஆண்டு நாய்கள் மனிதரைக் குதறிய செய்திகள் அடுத்தடுத்து வர, உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் மளமளவென்று மசோதாவைக் கொண்டுவந்தார்; ஆகஸ்டில் சட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அவசரத்தில் செய்த சட்டத்துக்கு உதாரணம் கேட்டால் அந்நாட்டவர் இன்றும் இதைத்தான் காட்டுவார்கள்.

அதன் முதல் பிரிவு சில வகை நாய்களையே தடை செய்கிறது: பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ. 2023 அக்டோபர் 31 அன்று எக்ஸ்.எல். புல்லியும் பட்டியலில் சேர்ந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் பெற்றவர் நாய்க்குக் கருத்தடை செய்து, மைக்ரோசிப் பொருத்தி, பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். பொது இடத்தில் வாய்மூடியும் கயிறும் கட்டாயம். நாய் எந்த வகை என்பதை உருவமும் அளவும்தான் தீர்மானிக்கின்றன. தாய் தந்தை எந்த இனம் என்பது பொருட்டல்ல. ‘இது தடை செய்யப்பட்ட வகை அல்ல’ என்று மெய்ப்பிக்கும் சுமையும் வழக்கத்துக்கு மாறாக உரிமையாளர் தலையில்தான்.

சச்சரவெல்லாம் இந்தப் பட்டியலைச் சுற்றித்தான் என்றாலும், சாதாரண உரிமையாளருக்கு முக்கியமானது மூன்றாம் பிரிவு. அதற்கு எந்த நாயும் ஒன்றே. கடித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கடித்துவிடுமோ என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி அது கட்டுப்பாடு மீறினாலே போதும். யாருக்கும் காயமில்லை என்றால் ஆறு மாதம் வரை சிறை. காயம்பட்டால் ஐந்து ஆண்டு, உயிர் போனால் பதினான்கு ஆண்டு வரை. அரச குடும்பமும் இதற்குத் தப்பவில்லை. விண்ட்சர் பூங்காவில் இளவரசி ஆனின் டாட்டி என்ற புல் டெரியர் இரண்டு சிறுவர்களைக் கடித்ததற்காக 2002-இல் நீதிமன்றம் அவருக்கு 500 பவுண்டு அபராதம் விதித்தது. டாட்டியைக் கொல்ல உத்தரவிடவில்லை. பொது இடத்தில் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிச்செல்ல வேண்டும் என்றது. 1997-க்கு முன் இத்தகைய வழக்குகளில், காயம் ஏற்பட்டிருந்தால், நாயைக் கொல்லச் சொல்வதைத் தவிர நீதிபதிக்கு வேறு வழி இருந்ததில்லை.

எனக்குத் தெரியாது, நான் எதிர்பார்க்கவில்லை என்ற வாதம் இப்பிரிவில் எடுபடாது. ஆனாலும் ஓர் எல்லை உண்டு. போலீசார் வாரண்டோடு கதவை உடைத்து நுழைந்த ஒரு வீட்டிலிருந்து பாய்ந்த பிட்புல், அவர்களைத் தெருவரை துரத்திக் கடித்தது. உரிமையாளரின் செயலோ கவனக்குறைவோ அதற்குச் சிறிதும் காரணமாக இல்லாதபோது தண்டிக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் இப்பிரிவைச் சொந்த வீட்டுக்கும் நீட்டியது. தபால்காரரும் செவிலியரும் வீட்டு வளாகத்தில் கடிபட்டால் அதுவரை வழக்குப் போடுவது கடினமாக இருந்தது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவனை நாய் தாக்கினால் மட்டும் விலக்கு உண்டு.

இழப்பீடு தனிக் கணக்கு. 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, தன் நாயிடம் கடிக்கும் சுபாவம் உண்டென்று அறிந்தே வைத்திருந்தவர், அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் பணம் தர வேண்டியிருக்கும். முழுத் தவறும் கடிபட்டவருடையது என்றாலோ, ஆபத்தை அறிந்தே அவர் ஏற்றிருந்தாலோ தப்பலாம். ஆடுமாடுகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை: நாய் அவற்றைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, சுபாவம் தெரியுமா என்ற கேள்வியே எழாது. மந்தையைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியில்லாத விவசாயி அதைச் சுட்டுக் கொல்லலாம். 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்தால், நாய்க்கு நட்டஈடு கேட்டு வரும் உரிமையாளரின் வழக்கில் அது அவருக்குத் தற்காப்பாகும்.