திண்டுக்கல் மலைக்கோட்டை

திண்டுக்கல் மலைக்கோட்டை, திண்டுக்கல் நகரையொட்டி உயர்ந்து நிற்கும் தனிப்பாறையின் மேல் அமைந்துள்ள கோட்டை. மதுரை நாயக்கர், மைசூர், ஆங்கிலேயர் ஆட்சிகளைக் கண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பெயர்

பாறையின் தோற்றம் திண்டு (தலையணை) போன்றிருப்பதால் 'திண்டுக்கல்' என்ற பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. மலையின் பெயரே ஊரின் பெயராயிற்று.

வரலாறு

மதுரை நாயக்கரான முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கோட்டையைக் கட்டினார். மைசூர், கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கு வரும் படைகளைத் தடுக்கும் காவலிடமாக இது இருந்தது. திருமலை நாயக்கர் காலத்தில் திண்டுக்கல் வரை வந்த மைசூர்ப் படையைத் தளவாய் ராமப்பையனும் கன்னிவாடி பாளையக்காரரும் விரட்டினர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டை மைசூர் வசமானது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். பிரெஞ்சுத் தொழில்நுட்பர்களைக் கொண்டு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே கைப்பற்றிய அவரது வளர்ச்சி இங்கிருந்துதான் தொடங்கியது. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். ஹைதர் அலி படையுதவி அளித்தார்.

ஆங்கிலேயர் 1767-லும் 1783-லும் கோட்டையைப் பிடித்தனர். இரு முறையும் அது மைசூரிடம் திரும்பியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் படை நடத்திய நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆயினும் மறுநாள் கோட்டை சரணடைந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனிக்கு உரிமையானது.

அடுத்து எதிர்த்தவர்கள் பாளையக்காரர்கள். கோபால நாயக்கர் தலைமையில் அமைந்த திண்டுக்கல் கூட்டமைப்பு ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டது. 1801-ல் அவர் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

அமைப்பு

பாறையில் வெட்டப்பட்ட அகலமான, உயரம் குறைந்த படிகள் வழியாக மேலே ஏறலாம். பாறையின் விளிம்பை ஒட்டி மதில் செல்கிறது. பீரங்கி மேடைகள், ஆயுதக் கிடங்கு, தானியக் கிடங்கு, சிறை அறைகள், மழைநீர் தேங்கும் சுனைகள் ஆகியவற்றைக் காணலாம். உச்சியில் உள்ள கோவிலின் தூண்களில் சிற்பங்கள் உள்ளன, கருவறையில் திருமேனி இல்லை. மலைமேல் இருந்த அபிராமி அம்மன், காளஹஸ்தீஸ்வரர் திருமேனிகள் நகரிலுள்ள கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டதாக மரபு. இன்று வழிபாடு அங்கேயே நடக்கிறது.

சுற்றியுள்ள இடங்கள்

கோட்டையில் இன்று குடியிருப்பு இல்லை. அதன் வரலாறு அடிவாரத்து நகரின் பெயர்களில் தொடர்கிறது. பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் நினைவாகவே அப்பகுதி பேகம்பூர் ஆனது. கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்ட இடமாகக் கருதப்படும் குளம் கோபாலசமுத்திரம் எனப்படுகிறது. 1866 முதல் 1872 வரை கட்டப்பட்ட புனித சூசையப்பர் பேராலயம் ஆங்கிலேயர் காலத்தைச் சேர்ந்தது.

வரலாற்று இடம்

கோட்டையை ஆண்டவர்களின் பெயரும், அவர்களை எதிர்த்து உயிரிழந்தவரின் பெயரும் ஒரே ஊரில் இன்றும் புழங்குகின்றன. மலை ஏறுவதோடு பேகம்பூரையும் கோபாலசமுத்திரத்தையும் காண்பவர்களுக்கே இக்கோட்டையின் வரலாறு முழுமையாகப் புலப்படும்.