மஞ்சாடியும் மோலும்

உப்பும் முத்தும் தூத்துக்குடிக்குச் சொந்தம். உப்பு இன்று பத்தாம் வகுப்புக் கணக்காகவும் வந்து நிற்கிறது. 117 கிராம் சோடியம் குளோரைடில் எத்தனை மோல்? சோடியம் 23, குளோரின் 35.5, கூட்டினால் ஒரு மோலின் நிறை 58.5 கிராம். 117-ஐ அதால் வகுத்தால் 2.

விடை வந்துவிடுகிறது. ஏன் வகுத்தோம் என்று கேட்டால்தான் பல பிள்ளைகள் விழிக்கிறார்கள். எண்ணி மாளாத பொருளை நிறுத்துப் பார்த்து எண்ணுவதுதான் மோல் கணக்கின் உயிர். தூத்துக்குடிக் கடற்கரைக்கு அது புதிதல்ல.

அந்தக் காலத்தில் முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பை நடத்துமுன், சிப்பிகள் வாழும் கடலடிப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுப்பார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் காட்டி விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று தெரிந்தால் பார் முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். ஏலமும் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்றுதான் போகும். குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி எடுத்த சிப்பி, திறக்கப்படுவதற்கு முன்பே கணக்கில் ஏறிவிடும்.

கரையில் முத்து கைக்கு வந்ததும் வேலை நுணுக்கமாகும். பத்துப் பித்தளைச் சல்லடைகள். அவற்றுக்குப் பெட்டி என்று பெயர். முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறி 1000 வரை. துளை கூடக் கூட அதன் அளவு சிறுக்கும். பெரிய முத்து மேலே தங்க, பொடி முத்து அடியில் இறங்கும். பிறகு வடிவும் ஒளியும் பார்த்து ஆணி, கல்லிப்பு, குறுவல் என்று தரம் பிரிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது தூள்.

அதன்பின் தராசு. எடைக்கல் மஞ்சாடி: ஆனைக்குன்றிமணி என்கிற சிவப்பு விதையின் பெயரில் வந்த நிறை, சுமார் கால் கிராம். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மதிப்பை மட்டும் எடையால் சொல்ல மாட்டார்கள், செவ்வால் சொல்வார்கள். மொத்த மஞ்சாடியை அதே எண்ணால் பெருக்கி, முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. பன்னிரண்டு முத்து சேர்ந்து 4 மஞ்சாடி என்று வைத்துக்கொள்வோம். நாலு நாலு பதினாறு, அதில் முக்கால் பன்னிரண்டு, பன்னிரண்டால் வகுத்தால் ஒரு செவ்வு. ஒரே முத்து 4 மஞ்சாடி நின்றால் பன்னிரண்டு செவ்வு. எடை ஒன்றுதான், மதிப்போ பன்னிரண்டு மடங்கு! மாகாணி, முந்திரி என்கிற பழைய பின்னங்கள் மனப்பாடமாக இருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இது மனக்கணக்கு.

செவ்வையும் மோலையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. வித்தியாசத்தில்தான் பாடமே இருக்கிறது. முத்துக்கு முத்து எடை மாறும். அதனால் நிறுத்தால் மட்டும் போதாது, எண்ணியும் ஆக வேண்டும். சோடியம் குளோரைடை எங்கே அள்ளினாலும் அதன் துகள்களின் சராசரி நிறை மாறாது. அதனால் நிறுத்தாலே எண்ணியதாகிவிடும். இப்படி எண்ண வழிதிறந்த கருதுகோளை 1811-இல் இத்தாலிய அறிவியலர் அவகாட்ரோ முன்வைத்தார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம். அந்தக் கருத்து ஊன்ற அரை நூற்றாண்டு பிடித்தது. ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணுக்கு 1909-இல் பிரெஞ்சு இயற்பியலர் பெர்ரின் அவகாட்ரோ பெயரைச் சூட்டினார். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று திட்டமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது.

முத்தே மோல் கணக்குக்கு வாகான பொருள். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று 48, ஆக 100. நம் 4 மஞ்சாடி முத்து ஏறத்தாழ ஒரு கிராம். அதிலுள்ள கரிமப் பொருளையும் ஈரத்தையும் விட்டுவிட்டால், ஒரு மோலில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு எளிய எண்கள் உள்ள கணக்கு வேறு எங்கே கிடைக்கும்?

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. பெட்டிகளும் செவ்வுக் கணக்கும் அத்தோடு இந்தக் கரையில் புழக்கத்திலிருந்து போய்விட்டன. மஞ்சாடி மரங்கள் இன்னும் காய்க்கின்றன. மோல் பாடம் தொடங்கும் நாளில் ஆசிரியர்கள் ஒரு பை ஆனைக்குன்றிமணியையும் ஒரு தராசையும் வகுப்புக்குக் கொண்டுபோகட்டும். முதலில் பத்து விதையை நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு பையை நிறுத்து, உள்ளே எத்தனை விதை என்று கேளுங்கள்.