வீடும் பள்ளியும்: மூன்று மணி நேரக் கல்வி தந்த பாடம்

பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று இன்று நம் குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, ஆங்கிலவழிப் பள்ளியா, திறந்தநிலைப் பள்ளியா என்று பல வழிகள் உள. நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வினா எழவே இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வாறு கைக்கு வந்தது என்பதை இவ்வெள்ளிவிழா வேளையில் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1891-இல் செங்கற்பட்டு ஆட்சித்தலைவர் திரமென்கீர் நம் மக்களின் அவல நிலையை அரசுக்கு அறிக்கையாக அளித்தார். அதன் பயனாய்ப் பஞ்சமி நிலங்கள் வந்தன. 1893-இல் பஞ்சமர் கல்விக்கு ஊக்கமளிக்கும் அரசாணை பிறந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்தார். பின்னர்த் தொழிலாளர் துறையும் நம் சேரிகளில் பள்ளிகளை நடத்தலாயிற்று. இத்தனிப்பள்ளிகள் நாம் விரும்பித் தேர்ந்தவை அல்ல. பொதுப்பள்ளியின் கதவு அடைபட்டிருந்ததால் எழுந்தவை. ஆயினும் நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு அவையே ஏணியாயின.

கதவு மெல்லத் திறந்துவந்த காலத்தில்தான் ஒரு சோதனை வந்தது. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். அதன்படி நாட்டுப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் வீட்டிலும் ஊரிலும் தொழில் பயில்வர். பணமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருமுறை வகுப்புகளால் மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணம். கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்றும் கூறப்பட்டது.

இக்காரணங்களை நாம் எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வீடு’ என்ற சொல் எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதா? நிலமுடையான் மகனுக்கு வீட்டில் கணக்கும் ஏடும் காத்திருந்தன. கூலியாளின் மகனுக்கோ ஆண்டையின் மாடும், தந்தை பட்ட கடனும் காத்திருந்தன. நகரப் பிள்ளைகளுக்கு இத்திட்டம் இல்லை என்பதும் ஐயத்தை வளர்த்தது. எதிர்த்தோர் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். பெரியார் கடுமையாகப் போராடினார். அவ்வாண்டு சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானதே. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், அவ்வாண்டு மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளையைப் பள்ளியில் நாள் முழுதும் இருத்த உணவே வழி என்பதை அரசு ஏற்றது.

அப்படியாயின் வீட்டுக்கல்வி வீணானதா? அன்று. வாடையும் கச்சானும் கொண்டலும் சோழகமும் எப்போது வீசும், நீரோட்டம் எத்திசையில் இழுக்கும் என்பதை நம் தீவில் பெரியவர்களே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். அதுவும் அறிவே. அவ்வறிவு பள்ளிக்குத் துணையாக வரும்போது செல்வமாகிறது. பள்ளிக்கு மாற்றாகத் திணிக்கப்படும்போது விலங்காகிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதற்குச் சான்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுக் கற்றல் தடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தன்னார்வலர் மாலையில் கற்பித்தனர். பள்ளி நேரத்தை அது பறிக்கவில்லை.

நம் அக்காள்மடத்தார் மேற்படிப்புக்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது. 1914-இல் இரயில் பாலம் வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் அது சிதைந்து மீண்டும் எழுந்தது. 1988-இல்தான் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்துவிட்டது, அதனைக் கடப்பது நம் கடமை.

பெற்றோர் எவ்வழியைத் தேர்ந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இவ்வழி அரசுத் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் கொண்டு செல்லுமா? பிள்ளை பின்னர் வேறு வழிக்கு மாற இயலுமா? மகனுக்குத் தரும் நேரம் மகளுக்கும் கிடைக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை வருமாயின் அது தேர்வு. வாராதாயின் அது, தேர்வு என்னும் பெயரில் வந்த பழைய கட்டளையே ஆகும்.