வழிப்போக்கன் விருந்தாளியான கதை

துருக்கியில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டும் அயலூர்க்காரருக்கு ஒரு பெயர் உண்டு: 'தான்ரி மிசாஃபிரி'. கடவுள் அனுப்பிய விருந்தாளி என்று பொருள். யார், எந்த ஊர் என்ற விசாரணையெல்லாம் தேநீர் வந்த பிறகுதான். இதில் 'தான்ரி' பழைய துருக்கிச் சொல், கடவுளைக் குறிப்பது. 'மிசாஃபிர்' அரபியிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அரபியில் அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்ற பொருள் இல்லை.

அரபியில் 'சஃபர்' என்றால் பயணம். 'முசாஃபிர்' என்றால் பயணம் செய்பவன். விருந்தாளிக்கு 'தைஃப்' என்ற வேறு சொல் இருக்கிறது. 'சஃபர்' பிறந்த வேருக்குத் திரை விலக்குதல் என்ற பொருளும் உண்டு. மனிதரின் குணத்தை வெளிக்காட்டுவதால்தான் பயணத்துக்கு அந்தப் பெயர் என்று பழைய அரபு அகராதிக்காரர்கள் விளக்கம் சொன்னார்கள்.

சொல் பல திசைகளுக்குப் போனது. பாரசீகத்திலும் உருதுவிலும் மலாயிலும் பயணியாகவே இருந்தது. சுவாகிலி மொழி, முதல் எழுத்தைத் தன் இலக்கணத்து முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, ஒருமைக்கு 'ம்சஃபிரி', பன்மைக்கு 'வசஃபிரி' என்று ஆக்கியது. பொருளில் மட்டும் கை வைக்கவில்லை. துருக்கியில்தான் பயணி வீட்டுக்குள் வந்து விருந்தாளி ஆனான்.

துருக்கியருக்குச் சொல் பஞ்சம் இருந்ததா? இல்லை. வழி என்ற பொருளுள்ள 'யோல்' என்பதிலிருந்து வந்த 'யோல்ஜு' அவர்களிடம் பயணியைக் குறித்தது. விருந்தாளிக்கு 'கொனுக்' இருந்தது. பறவை வந்து அமர்வதையும் மனிதர் இரவு தங்குவதையும் சொல்லும் 'கொன்' என்ற வினையில் பிறந்த சொல் அது. பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் 'கொம்ஷு'வும் அதே வேர்தான். இன்றும் 'கொனுக்' வழக்கில் இருக்கிறது. ஆனால் கௌரவ நடிகர், வெளியூர் அணி என்று மேடைக்கும் மைதானத்துக்கும் பெரிதும் போய்விட்டது. வீட்டு வாசலில் நிற்பவர் மிசாஃபிர்.

என் எண்ணத்தில், இந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்லைச் சொன்ன ஆள் மாறியதுதான். 'முசாஃபிர்' என்பது பாதையில் நடப்பவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதையே கதவைத் திறப்பவர் சொல்லும்போது, நடப்பவன் தங்குபவன் ஆகிவிடுகிறான். இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனதோலியா வணிகப் பாதைகளின் நாடு. அதை ஆண்ட செல்ஜுக் சுல்தான்கள் அங்கே சத்திரங்களை வரிசையாகக் கட்டினார்கள். அக்சராய் அருகே 1229-இல் எழுந்த சுல்தான் ஹான் இன்னும் நிற்கிறது. சத்திரம் இல்லாத சிற்றூர்களில், வழிப்போக்கர் தங்க ஊர்ப் பொது அறை இருந்தது.

அந்த நாட்டு உபசரிப்புக்கு அரபி பேசிய ஒரு முசாஃபிரே சாட்சி. 1330களின் தொடக்கத்தில் அனதோலியாவுக்கு வந்த இபின் பதூதா, இன்றைய தெனிஸ்லியின் கடைத்தெருவில் போகும்போது, சிலர் கடைகளிலிருந்து இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தார்கள். இன்னொரு கூட்டம் அவர்களைத் தடுத்தது. கத்திகள்கூட வெளியே வந்தன. கொள்ளையர் என்று பயந்துபோனார் பதூதா. அரபி தெரிந்த ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டும் 'அகி' எனப்படும் சகோதரக் குழுக்கள். விருந்தாளி யாருக்கு என்பதுதான் சண்டை. கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

உஸ்மானியத் துருக்கியர் ஆட்சி பரவிய பால்கன் நாடுகளுக்கும் இந்தச் சொல் போயிற்று. கிரேக்கத்தில் 'முசஃபிரிஸ்', ருமேனியத்தில் 'முசஃபிர்', அல்பேனியத்தில் 'மிசஃபிர்': எல்லாவற்றுக்கும் விருந்தாளி என்றே பொருள். அரபியிலிருந்து நேராக வராமல் துருக்கி வீட்டு வாசல் வழியாக வந்தது என்பதற்கு அந்தப் பொருளே அடையாளம்.

உபசரிப்புக்குப் பேர்போன மக்கள் விருந்தாளியைப் போற்றுவதோடு, உபசரிப்பின் சிரமத்தை மறைப்பதும் இல்லை. மிசாஃபிர் பத்துப் பங்கோடு வந்து, ஒன்றை உண்டு ஒன்பதை விட்டுப்போவார் என்பது துருக்கிப் பழமொழி. நினைத்ததை அல்ல, கிடைத்ததையே உண்பார் என்பது இன்னொன்று. விருந்தாளிக்கு விருந்தாளியைப் பிடிக்காது, வீட்டுக்காரருக்கு இருவரையுமே பிடிக்காது என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

பாரசீக வழியில், பயணி என்ற பொருளோடு, சொல் நம் பக்கமும் வந்தது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் தங்குவதற்காக எழுந்த 'முசாபரி பங்களா'வில் அது ஒட்டிக்கொண்டது. அங்கே அறை இருந்தது, கட்டில் இருந்தது, காவல்காரர் இருந்தார். வீட்டுக்காரர் மட்டும் இல்லை. முசாபரியை விருந்தாளி ஆக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.