சென்னை நேரமும் உடனிகழ்வும்: தந்திக் கணக்கிலிருந்து சார்பியல் வரை

முன்னுரை

பள்ளிப்பட்டு என்னும் ஊர் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 0.8 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 3 நிமிடம் கழித்துத்தான் பள்ளிப்பட்டில் உச்சிப்பொழுது. ரயிலும் தந்தியும் வரும்வரை இந்த வேறுபாட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கடிகாரங்களை ஒருங்கிணைத்த ரயில்வே காலமே சிறப்புச் சார்பியலுக்கு வழிகோலியது என்று கூறுவதுண்டு. சென்னையின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மையே.

சென்னை நேரத்தின் எழுச்சி

நுங்கம்பாக்கம் வானாய்வகம் 1792இல் எழுந்தது. அங்கிருந்த ஜான் கோல்டிங்காம், சென்னை நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என 1802இல் நிறுவினார். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ரயில் ஓடியது. பாதைகள் நாடெங்கும் இணைந்தபோது, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதான சென்னை நேரமே ரயில்வேயின் நேரமாயிற்று. பம்பாய்க் கடிகாரம் அதற்கு அரை மணி பிந்தியும் கல்கத்தாக் கடிகாரம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக முந்தியும் ஓடின.

1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நண்பகல் 12 அடித்து, சராசரியாக 12 நிமிடம் சென்றபின்பே பள்ளிப்பட்டில் சூரியன் உச்சிக்கு வருகிறது. திருத்தணி மலையில் டிசம்பர் 31 நள்ளிரவுப் படித்திருவிழாவும் சீர்நேரத்தின் நள்ளிரவையே பின்பற்றுகிறது.

இத்தனை மாற்றத்திலும் மாறியது நேரத்தின் பெயர் மட்டுமே. தீர்க்கரேகை தெரிந்தால் ஓர் ஊரின் நேரத்தை இன்னோர் ஊரின் நேரமாக மாற்றிவிடலாம். இரு ஊர்களில் நடந்தவை ஒரே கணத்தில் நடந்தனவா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை.

தந்திக் கணக்கில் ஓர் அனுமானம்

கோட்பாட்டுக்கு நெருங்கிய சான்று நில அளவையாளர்களிடம் கிடைக்கிறது. 1870களில் பெரிய முக்கோண அளவைத் துறையினர் தொலைதூர நிலையங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைத் தந்தியால் அளந்தனர். தந்திக் குறி கம்பியில் செல்லும் தாமதம் விடையைக் கெடுக்கும். ஆகவே இரு திசையிலும் குறி அனுப்பிச் சராசரி எடுத்தனர். தாமதம் அடிபட்டுப் போயிற்று. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்பதே இதன் அடித்தளம். அவர்களுக்கு அது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

அனுமானம் வரையறையானது

1898இல் ஆன்றி புவான்கரே இந்த இடத்தில் கேள்வி எழுப்பினார்: தொலைவிலுள்ள இரு நிகழ்வுகளின் உடனிகழ்வை நேரடியாக அறிய வழியில்லை, நாம் வகுத்த விதிகளாலேயே அறிகிறோம். பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஐன்ஸ்டீனின் கட்டுரை 1905 ஜூன் 30 அன்று இதழுக்கு வந்து சேர்ந்தது. ஒளி போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமம் என்பதை அவர் வரையறையாகவே வைத்தார். முடுக்கமின்றிச் சீராக நகரும் எந்தக் குறிப்பாயத்திலும் (அளப்பவர் சார்ந்த சட்டகத்திலும்) ஒளியின் வேகம் ஒன்றே என்பதையும் சேர்த்ததும், ஒரு குறிப்பாயத்தில் உடனிகழ்ந்தவை அதற்குச் சார்பாக நகரும் மற்றொன்றில் முன்பின்னாயின.

இதை நம் ரயிலில் பொருத்திப் பார்க்கலாம். 500 மீட்டர் நீள ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இரு முனைகளிலும் ஒரே கணத்தில் விளக்கெரிந்ததாகப் பயணி அளந்தால், நிலையத்தில் நிற்பவர் கணக்கில் பின்முனை விளக்கே முந்தி எரியும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிக் கூறாக்கினால் இடைவெளி ஒன்றரைக் கூறு. அக்காலக் கடிகாரம் எதிலும் இது தென்பட்டிருக்காது. தீர்க்கரேகை அட்டவணையாலும் இதைத் தீர்க்க முடியாது. இருவர் அளவும் சரியே.

முடிவுரை

மேக்நாத் சாகாவும் சத்தியேந்திர நாத் போசும் ஆங்கிலத்தில் பெயர்த்த சார்பியல் கட்டுரைகளைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்டது. அப்போதும் அந்நகரம் தன் சொந்த நேரத்தை விடவில்லை. 1948 வரை வைத்திருந்தது. நேரச் சர்ச்சை வேறு, காலத்தைப் பற்றிய கோட்பாடு வேறு என்பதற்கு இதுவே சான்று. ரயில்வேயும் தந்தியும் தந்தது ஒருங்கிணைக்கும் முறையை. அம்முறையில் புதைந்திருந்த அனுமானத்தை வெளியே எடுத்து ஆராய்ந்தது இயற்பியல். இன்று செயற்கைக்கோள்வழிக் கடிகாரங்களை ஒருங்கிணைப்போர் புவியின் சுழற்சிக்கும் திருத்தம் செய்கின்றனர்; நிலநடுக்கோட்டைக் கிழக்காக ஒருமுறை சுற்றிவரும் ஒளிக்குறிக்கு அத்திருத்தம் நொடியின் நூறு கோடியில் ஏறத்தாழ 207 பங்கு. அளவையாளர் சமமென்று எடுத்துக்கொண்ட போக்கும் வரவும், சுழலும் தரையில் சரியாகச் சமமாவதில்லை.