யுத்த நாவலும் மாணாக்கர் ஏடும்

எரிக் மரியா ரெமார்க் ஜெர்மன் பாஷையில் எழுதி, 1928ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பெர்லின் தினசரியொன்றில் தொடர்கதையாகத் தொடங்கி, மறுவருஷம் ஜனவரிக் கடைசியில் புஸ்தகமாக வெளிவந்து, ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற ஆங்கிலப் பெயராலேயே நம்மவர்க்குப் பெரிதும் பரிச்சயமாகியுள்ள நாவல், பதினெட்டு மாதங்களுக்குள் 22 பாஷைகளில் 25 லட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனினும் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு: அந்நாவல் பிறப்பதற்கு முன்னும் பிறந்த பின்னும் அதன் விதி மாணாக்கர் கையிலேயே மாறிமாறிச் சிக்கியிருந்தது. யுத்தத்தைப் பற்றி ஒரு மாணாக்கன் எதை எழுதலாம், யாருடைய வார்த்தையைக்கொண்டு எழுதலாம் என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்குமானால், அதன் நடுநாயகமாக இந்நாவலையே வைக்கவேண்டும்.

1914ஆம் வருஷம் யுத்தம் மூண்டபொழுது ஜெர்மனியின் பள்ளிக்கூடங்கள் பாடசாலைகளாக மட்டும் இருக்கவில்லை. வெற்றிச் செய்தி வந்த தினங்களில் விடுமுறை விட்டார்கள். யுத்தக் கடனுக்குப் பணம் சேர்க்கப் பிள்ளைகளை வீடுவீடாக அனுப்பினார்கள். வகுப்பில் எழுதப்படும் வியாசங்களுக்கும் யுத்தத்தையே விஷயமாகக் கொடுத்தார்கள். போர்முனையைக் கண்ணாலும் கண்டிராத பாலர்கள், தினசரிகளிலும் உபாத்தியாயரின் பிரசங்கங்களிலும் கேட்ட வீராவேசச் சொற்களைத் தங்கள் சொற்களென்றே நம்பிப் பக்கம் பக்கமாக நிரப்ப, அவற்றில் சிறந்தவையெனப்பட்டவை தொகுக்கப்பெற்று அச்சேறின. நற்குணமுள்ள பிள்ளைகள்தாம், அவர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரு தலைமுறையின் கையெழுத்துப் பயிற்சியே இரவல் வார்த்தைகளில் நடந்தது என்பதை நினைக்கும்பொழுது மனம் கனக்கிறது.

இரவலை மறுத்த ஒருவன் பட்ட பாட்டையும் இங்கே சொல்லவேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெர்டோல்ட் பிரெக்ட், ரெமார்க் பிறந்த அதே 1898ஆம் வருஷத்தில் பிறந்தவன். பிற்காலத்தில் நாடகாசிரியனாக உலகப் பிரசித்தி பெற்றவன். தாய்நாட்டுக்காக உயிர்விடுவதன் இனிமையைப் புகழ்ந்த ரோமானியக் கவி ஹோரஸின் அடியொன்றை விளக்கி எழுதும்படி வகுப்பில் பணித்தபோது, அது பிரசார வார்த்தையே என்றும், சாவு யாருக்கும் கசப்பானது என்றும் கருத்துப்பட அவன் எழுதிவைத்தான். பள்ளியை விட்டே விலக்கிவிட நிர்வாகம் முனைந்தது. உபாத்தியாயர்களில் ஒருவர் பரிந்து பேசியதனால் தப்பினான். ஒரு வியாசத்தில் இரண்டொரு வாக்கியம் சொந்தமாக எழுதியதற்கு அக்காலத்தில் விதிக்கப்படவிருந்த விலை அது.

போர்முனைக்குப் போன சர்வகலாசாலை மாணாக்கர்களும் எழுதினார்கள். ஆனால் வியாசமல்ல, வீட்டுக்குக் கடிதம். ஃப்ரைபர்க் சர்வகலாசாலையில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராயிருந்த பிலிப் விட்காப் என்பவர், யுத்தத்தில் மாண்ட மாணாக்கர்களின் கடிதங்களை அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்து சேகரித்து, யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே முதற்பதிப்பை வெளியிட்டு, 1928இல் அதைப் பெருக்கிப் பிரசுரித்தார். ரெமார்க்கின் தொடர்கதை வெளிவந்ததும் அதே வருஷம். அந்தக் கடிதங்களில் பள்ளிக்கூடத்து வீராவேசமும் உண்டு. சேறும் எலியும் சிநேகிதனின் சடலமும் உண்டு. சிலவற்றில் இரண்டும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வாசிப்போர் யுத்தத்தின் மேன்மைக்குச் சான்றாகவும் அதன் கொடுமைக்குச் சான்றாகவும் அந்நூலை எடுத்தாண்டது இக்காரணத்தால்தான்.

ரெமார்க் ஓஸ்னாப்ரூக் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்பொழுதே, 1916 நவம்பரில், பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, 1917 ஜூலை 31ஆம் தேதி ஃபிளாண்டர்ஸில் குண்டுச் சிதறல்களால் காயமுற்று நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். யுத்தம் முடிந்தபின் சிறிது காலம் கிராமப் பள்ளிகளில் உபாத்தியாயராகவும் இருந்தார். ஆகவே நாவலிலே வகுப்பு முழுவதையும் பிரசங்கத்தாலேயே பட்டாளத்துக்கு அழைத்துச் சென்ற காண்டோரெக் என்னும் உபாத்தியாயரைச் சித்திரிக்கும்போது, அந்தத் தொழிலின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரே எழுதுகிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

நாவலில் போர்க்களக் காட்சிகளைக் காட்டிலும் என் மனத்தில் ஊன்றிய காட்சி, ஓய்வு நேரத்தில் மியூல்லரும் அவன் தோழர்களும் ஒருவரையொருவர் பழைய பாடங்களில் பரீட்சிக்கும் இடமே. மியூல்லர் பாடப்புஸ்தகங்களைப் போர்முனைக்கும் சுமந்து வந்தவன். குண்டுமாரிக்கு நடுவிலும் பௌதிக சூத்திரங்களை முணுமுணுப்பவன். ஜாமா யுத்தம் எப்பொழுது நடந்தது, மெல்போர்ன் நகரத்தின் ஜனத்தொகை எவ்வளவு, சார்லஸ் என்ற பிரபுவுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேள்விகள் பறக்கின்றன. பிறகு பேச்சு திரும்புகிறது: காற்றிலும் மழையிலும் சிகரெட் பற்றவைப்பதையோ, ஈர விறகில் தீ மூட்டுவதையோ, துப்பாக்கிச் சனியனை விலாவில் செருகினால் சிக்கிக்கொள்ளும், வயிற்றில் செருகவேண்டும் என்பதையோ எந்த வகுப்பிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. வகுப்பிலிருந்த இருபது பேரில் ஏழு பேர் மாண்டார்கள், நால்வர் காயமுற்றார்கள், ஒருவன் பைத்திய ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று கணக்கும் எடுக்கிறார்கள். கதை சொல்லும் பால் பாய்மர் விடுமுறையில் வீடு திரும்பித் தன் அறையில் அமர்ந்து, தானே ஆசையோடு சேர்த்த புஸ்தகங்களின் வரிசையைப் பார்த்து, அவை பழையபடி தன்னோடு பேசவேண்டுமென்று ஏங்குகிறான். அவை பேசவில்லை. அவனுடைய மேஜையிலோ அவன் எழுதத் தொடங்கிய நாடகமும் ஒரு கட்டுக் கவிதைகளும் முடிக்கப்படாமல் கிடக்கின்றன.

இத்தகைய நூலை அந்நாட்டு மாணாக்கர்கள் எப்படி வரவேற்றார்கள்? 1930இல் துரிங்கியா மாகாணத்தில் நாஜி மந்திரி வில்ஹெல்ம் ஃபிரிக் பள்ளிக்கூடங்களில் இந்நாவல் கூடாதென்று தடுத்தார். அவ்வருஷம் டிசம்பரில் பெர்லினில் இதன் திரைப்படம் காட்டப்பட்டபொழுது, நாஜிப் பிரமுகர் கெப்பெல்ஸின் ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளை விட்டுக் கலவரம் செய்தார்கள். சில தினங்களில் படமே தடை செய்யப்பட்டது. 1933 மே 10ஆம் தேதி இரவு பெர்லினிலும் பல சர்வகலாசாலை நகரங்களிலும் புஸ்தகங்களை எரித்தவர்கள் ஜெர்மன் மாணவர் சங்கத்தாரே. நெருப்பின் முன் நின்று அவர்கள் உரக்கச் சொன்ன தீவாசகங்களில் ஒன்று, யுத்த வீரர்களுக்கு இலக்கியத் துரோகம் இழைத்தவரென்று ரெமார்க்கின் பெயரைக் குறித்தது. அந்த வாசகங்கள் முன்கூட்டியே தயாரித்து அனுப்பப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். 1914இன் வியாசமும் 1933இன் தீவாசகமும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் மாணாக்கனுடைய குரல் இருந்தது, மாணாக்கனுடைய சொல் இல்லை.

மாணாக்கன் தன் சொல்லில் எழுதிப் படிக்கும் முறை, இதற்கெல்லாம் மறுமொழியாகப் பிறந்ததென்று நான் சாதிக்க வரவில்லை. அதற்கு வேறு ஊற்றுகள் உண்டு. 1938இல் அமெரிக்காவில் லூயிஸ் ரோஸன்பிளாட் என்ற அம்மையார், நூலின் பொருள் நூலில் மட்டுமில்லை, படிப்பவனும் நூலும் சந்திக்குமிடத்தில் அது உண்டாகிறது என்று விரிவாக எழுதினார். 1966இல் டார்ட்மத் கல்லூரியில் ஆங்கிலேய, அமெரிக்க ஆசிரியர்கள் கூடி, மாணாக்கனின் அநுபவத்தையும் அவனுடைய சொந்தப் பேச்சையும் எழுத்தையும் பாடத்தின் மையமாக்கவேண்டுமென்று வாதித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆன் பெர்தாஃப் என்பவர் இரட்டைப் பத்திக் குறிப்பேட்டைப் பரப்பினார்: ஏட்டைத் திறந்தால் ஒரு பக்கத்தில் நூலிலிருந்து எடுத்த குறிப்பு, எதிர்ப்பக்கத்தில் அதைப் பற்றி மாணாக்கன் எழுதியது, பின்னர் அதையே திரும்பப் படித்து மேலும் எழுத இடம்.

வேறெந்த நூலைக் காட்டிலும் இந்த நாவலுக்கு அந்த ஏடு பொருந்துகிறது. காலிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் தோழன் கெம்மெரிக்கின் மஞ்சள் தோல் பூட்ஸுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மியூல்லர் கேட்கும் இடத்தைப் படிக்கிற மாணாக்கன், எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் ‘இவனுக்கு ஈவிரக்கம் இல்லையா?’ என்றுதான் எழுதுவான். அந்தப் பூட்ஸுகள் மியூல்லரிடமிருந்து, அவன் மாண்டபின், பாலிடம் வந்துசேரும் அத்தியாயத்தை எட்டியதும் முன்பு எழுதியதற்குத் திரும்பி, அடியில் வேறொன்று எழுதுகிறான். ஈவிரக்கம் இல்லாதவன் யார் என்ற கேள்வி இதற்குள் மியூல்லரை விட்டு நகர்ந்துவிட்டது. முதலில் எழுதியதை அவன் அடிக்கவேண்டியதில்லை. இரண்டும் அருகருகே இருக்கட்டும். வியாசத்தில் முடிவு மட்டுமே தங்கும், அந்த முடிவுக்கு அவன் வந்த வழி தங்காது.

ஏடுகளைத் தோழர்களுக்குள் மாற்றிக்கொண்டு ஒருவர் குறிப்பின்கீழ் மற்றவர் எழுதும் வழக்கத்தையும் பல ஆசிரியர்கள் கையாள்கிறார்கள். பக்கக் கணக்குக்கு மார்க்கு போட்டால் இது கெட்டுப்போகும். உபாத்தியாயர் விரும்பும் அபிப்பிராயத்தை மோப்பம் பிடித்து எழுதும் சாமர்த்தியம் எல்லாத் தேசத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. யுத்தத்தை வெறுக்கும் உபாத்தியாயரும் தம் வெறுப்பை வகுப்புக்கு எழுதிக்கொடுத்தால், காண்டோரெக் செய்ததையே செய்தவராகிறார். காண்டோரெக் தாம் சொன்னதை உண்மையாகவே நம்பியவர்தானே என்று ஒரு மாணவி எழுதலாம். போகத் தயங்கியும் அவருடைய வற்புறுத்தலால் போய் முதலில் மாண்ட பேமை நினைவூட்டி அதன்கீழ் இன்னொருவன் பதில் எழுதலாம். அதே காண்டோரெக் பிற்பாடு தம் பழைய மாணாக்கனிடமே ராணுவப் பயிற்சி பெற்று அவமானப்படும் இடத்தைப் படிக்கையில் தனக்கு ஏன் சந்தோஷம் உண்டாயிற்று என்று மூன்றாமவன் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் உபாத்தியாயர் தீர்ப்புச் சொல்லாமல், இன்ன பக்கங்களை மறுபடி படியுங்கள் என்று ஓரத்தில் குறித்து, ஏட்டை அடுத்த கைக்கு அனுப்பிவிடுவது நலம்.